வாத்தியார்களின் எழுத்தோவியம்: ஃப்ராக்டூர் ஆவணங்களின் ஐரோப்பிய வேர்கள்

பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் கையால் எழுதி வண்ணமிட்ட ஃப்ராக்டூர் தாள்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மடாலயத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். ஏலப் பட்டியல்களிலும் கண்காட்சிக் குறிப்புகளிலும் வழவழப்பான படப் புத்தகங்களிலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. இடைக்காலத் துறவிகள் தோல் ஏடுகளில் வளர்த்த வண்ண எழுத்துக்கலை அச்சு வந்ததும் ஐரோப்பாவில் மடிந்ததாம். கடல் கடந்துபோன உழவர் குடும்பங்களிடம் மட்டும் அது எப்படியோ உயிர்பிழைத்துக் கிடந்ததாம். கேட்பதற்கு அழகான கதை. ஆதாரங்களோடு பொருந்தாத கதையும்கூட. இந்தக் கலையை உண்டாக்கிய மனிதரை, கிராமத்துப் பள்ளி வாத்தியாரை, அது நம் பார்வையிலிருந்தே அகற்றிவிடுகிறது என்பதுதான் என் முதன்மையான புகார்.

கதையைத் தொடங்கிவைத்தவர் ஹென்றி மெர்சர். 1897இல் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் முன் அவர் வைத்த கட்டுரையின் தலைப்பே இந்தக் கலையை இடைக்கால எழுத்தலங்காரத்தின் எச்சம் என்று அறிவித்தது. பக்ஸ் கவுண்டியில் பழைய உழவுக் கருவிகளையும் அடுப்புத் தகடுகளையும் தேடிச் சேர்த்த அபாரமான உழைப்பாளி அவர். அவரை இந்தக் கலைக்கு இட்டுச்சென்றது ஒரு வண்ணப்பெட்டி: வாத்துச் சிறகுப் பேனாக்கள், பூனை மயிரில் கட்டிய தூரிகைகள், காய்ந்துபோன வண்ணக் குப்பிகள். அது பள்ளி வாத்தியார்கள் கையாண்ட பெட்டி என்று அவரே எழுதினார். கைக்குக் கிடைத்த சான்று வகுப்பறையைக் காட்டியது; அவருடைய கற்பனையோ மடாலயத்துக்குப் போய்விட்டது. 1937இல் ஹென்றி போர்ன்மன் தம் நூலுக்கு 'பென்சில்வேனியா ஜெர்மானிய ஓவியச் சுவடிகள்' என்று பெயர் வைத்தபோது மெர்சரின் ஊகம் துறையின் பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது.

உண்மையான வேர்கள் மூன்று. மூன்றும் காகிதமும் அச்சும் பள்ளியும் சேர்ந்த நவீன உலகத்தைச் சேர்ந்தவை.

முதலாவது, நகரத்து எழுத்தாசான்களின் மரபு. கோடுகள் வளையாமல் உடைந்து திரும்பும் ஃப்ராக்டூர் எழுத்து, பேரரசர் மாக்சிமிலியனின் அரசவை எழுத்திலிருந்து பிறந்து, 1513இல் அவருடைய பிரார்த்தனை நூலிலும் 1517இல் 'தாயர்டாங்க்' காவியத்திலும் அச்சேறியது. அதைக் கற்பிக்கக்கூடிய கலையாக்கியவர் நியூரம்பெர்க்கின் யோஹான் நோய்டோர்ஃபர். 1519இல் எழுத்துப் பாடநூலும், 1538இல் அதைவிட விரிவான இன்னொன்றும் வெளியிட்டார். டியூரர் 1526இல் தீட்டிய 'நான்கு அப்போஸ்தலர்கள்' ஓவியத்தின் அடியில் விவிலிய வாசகங்களை எழுதிய கை இவருடையது. அவருடைய மாணவர் வொல்ஃப்காங் ஃபுகரின் கையேடு 1553இல் வந்தது. 1601இல் பவுல் ஃபிராங்க் வெளியிட்ட தலையெழுத்துக் களஞ்சியத்தில் ஒரே எழுத்து நூறு இழைகளாகப் பின்னிக்கொண்டு பக்கத்தை நிறைக்கிறது. 1716இல் மிகாயேல் பௌரன்ஃபைண்ட் அந்த மரபைப் புதுப்பித்தபோது, பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறப்போகும் தலைமுறை பள்ளியில் உட்கார்ந்திருந்தது. இந்த ஆசான்கள் எவரும் துறவிகள் இல்லை. வணிகர் பிள்ளைகளுக்குக் கணக்கும் கையெழுத்தும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர்கள்.

இரண்டாவது, ஞானப்பெற்றோர் கடிதம். அல்சாஸில் கோட்டல்பிரீஃப், சாக்சனியில் பாட்டன்பிரீஃப். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயோ ஞானத்தந்தையோ குழந்தைக்கு ஒரு நாணயம் கொடுப்பார்கள். அந்த நாணயத்தைச் சுற்றி மடித்த தாள்தான் இது. இதயம், பூங்கொத்து, வட்டச் சட்டகம். நடுவில் குழந்தை கடவுளுக்குள் வளரட்டும் என்று ஒரு வாழ்த்துப் பா. கீழே கொடுத்தவரின் பெயரும் நாளும். பெற்றோர் பெயர் பலவற்றில் இருக்காது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பிறப்பைப் பதிந்துவைக்க ஊரில் சபைப் பதிவேடு இருந்தது; இந்தத் தாள் அன்பின் அடையாளமாக இருந்தால் போதும்.

மூன்றாவது, மலிவு அச்சு. வீட்டு ஆசீர்வாதத் தாள்கள், வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லி விற்கப்பட்ட காப்புக் கடிதங்கள், ஆதாம் ஏவாள் படக்கதைகள், 1597இல் யோஹான் சிப்மாகர் வெளியிட்டது போன்ற தையல் மாதிரி நூல்கள். இவற்றோடு யோஹான் ஆர்ண்டின் 'மெய்க் கிறிஸ்தவம்'. பிற்காலப் பதிப்புகளில் குறியீட்டுப் படங்களோடு வந்த அந்த நூல் ஜெர்மானிய வீடுகளில் விவிலியத்துக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்டது. ஃப்ராக்டூர் தாள்களில் எங்கும் மலர்ந்து நிற்கும் டியூலிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒட்டோமான் நிலத்திலிருந்து வந்த அந்தப் பூவை 1559இல் ஆக்ஸ்பர்க் தோட்டமொன்றில் கண்டுதான் கான்ராட் கெஸ்னர் விவரித்தார். இடைக்காலத் துறவிகளின் சுவடிகளில் அது பூத்திருக்க வழியில்லை.

மடாலயக் கதைக்காரர்களிடம் மிஞ்சியிருப்பது ஒரே சான்று: எஃப்ராட்டா. நெக்கர் கரையின் எபர்பாகில் பிறந்த ரொட்டித் தொழிலாளி கான்ராட் பைசல் 1732இல் பென்சில்வேனியாவில் நிறுவிய அந்தத் துறவுக் குடியிருப்பில் சகோதரிகள் எழுத்துக்கூடத்தில் அமர்ந்து எழுதினார்கள். 1750ஆம் ஆண்டின் 'கிறிஸ்தவர்களின் அரிச்சுவடி' என்ற கையெழுத்து நூல் உலக எழுத்துக்கலையின் உச்சங்களில் ஒன்று. சகோதரி அனஸ்தாசியாவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு எழுத்தும் புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் நெய்யப்பட்டிருக்கிறது. இந்த உழைப்பை உடலை அடக்கும் தவமாகவே அவர்கள் கருதினார்கள். ஆனால் அது எந்த மரபு என்று பாருங்கள். எஃப்ராட்டாவினர் தீவிர சீர்திருத்தவாதக் கிறிஸ்தவர்கள். சொந்த அச்சகம் வைத்திருந்தவர்கள். மென்னனைட் சபையினருக்காக 1748-49இல் அச்சிட்ட இரத்தசாட்சிகள் வரலாறு, காலனிய அமெரிக்காவில் அச்சான புத்தகங்களிலேயே பெரியது. அவர்களுடைய தலையெழுத்துகளும் எழுத்தாசான்களின் பாடநூல் வழியில் வந்தவைதான். துறவு அங்கே வாழ்க்கைமுறை; கலையின் ஊற்று வேறு.

பள்ளியும் அச்சும் சேர்ந்த இந்த உலகம் தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. சீகன்பால்குவை 1706இல் தரங்கம்பாடிக்கு வரவைத்த ஜெர்மனியின் அதே ஹாலே பக்தி வட்டம்தான் 1742இல் ஹென்றி மூலன்பெர்க் என்ற போதகரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. பள்ளி, அச்சகம், கடிதம், ஞானப்பாட்டு ஆகிய நான்கும்தான் அந்த இயக்கத்தின் கைகள். தரங்கம்பாடியில் தமிழ் எழுத்து அச்சேறியதற்கும் பென்சில்வேனியாவின் ஸ்கிப்பாக் பள்ளத்தாக்கில் ஒரு குழந்தையின் பெயர் வண்ணத்தில் எழுதப்பட்டதற்கும் பின்னால் ஒரே நம்பிக்கை நிற்கிறது: ஒவ்வொரு ஆத்மாவும் எழுத்தறிய வேண்டும்.

ஸ்கிப்பாக் என்றதும் கிறிஸ்டஃபர் டாக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தத் துறையில் போதிய அளவு கொண்டாடப்படாத பெயர் அது. வாரத்தில் மூன்று நாள் ஸ்கிப்பாக்கிலும் மூன்று நாள் சால்ஃபோர்டிலும் பாடம் நடத்திய மென்னனைட் வாத்தியார். 1750இல் எழுதி 1770இல் அச்சான அவருடைய 'பள்ளி ஒழுங்கு' அமெரிக்காவின் முதல் கல்வியியல் நூல்களில் ஒன்று. ஒரு குழந்தை எழுத்துகளைச் சரியாகப் படித்துக்காட்டிவிட்டால் அதன் தந்தை ஒரு பென்னி தர வேண்டும், தாய் இரண்டு முட்டை பொரித்துத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். தம் பங்குக்கு அவர் தந்தது தாளில் வரைந்த ஒரு பூ, இல்லாவிட்டால் ஒரு பறவை. இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் பெருந்தொகைக்கு விலைபோகும் சிறிய பறவைத் தாள்களில் பல இப்படி ஒரு குழந்தையின் கையில் வெகுமதியாகப் போய்ச்சேர்ந்தவை.

டாக்கின் வழிவந்த வாத்தியார்கள் மாணவருக்கு எழுதிக்கொடுத்த தாள் ஃபோர்ஷ்ரிஃப்ட், அதாவது பார்த்து எழுதுவதற்கான மாதிரி. ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். இடது மேல்மூலையில் பக்கத்தின் கால்பங்கை அடைத்துக்கொண்டு ஒரு தலையெழுத்து; அதன் வயிற்றுக்குள் கொடியும் பூவும். அதைத் தொடர்ந்து பெரிய ஃப்ராக்டூரில் ஒரு வரி வேதவசனம். அடுத்த வரியில் எழுத்து சிறுக்கிறது. அதற்கும் கீழே ஜெர்மன் கூட்டெழுத்தில் ஒரு ஞானப்பாட்டு. அடியில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று முழு அரிச்சுவடி, பிறகு எண்கள். மூலையில் ஒரு கட்டத்துக்குள் மாணவனின் பெயரோ ஒரு பறவையோ. மேலிருந்து கீழாகப் பெருமுரசு போல் தொடங்கி முணுமுணுப்பாக இறங்கும் இந்த அமைப்பு நோய்டோர்ஃபர் வழிவந்த எழுத்துப் பாடநூல்களின் பக்க அமைப்பேதான். நகரத்தில் செப்புத்தகட்டில் வெட்டியது, காட்டோரப் பள்ளியில் கையால் எழுதப்பட்டு, ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு உரியதாகிறது.

யார் இந்த வாத்தியார்கள்? லூத்தரனாக இருந்துகொண்டு மென்னனைட் பள்ளிகளில் பாடம் சொன்ன யோஹான் ஆடம் ஐயர். ஹெஸ்ஸியக் கூலிப்படையில் அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு வந்து, போர் முடிந்தும் திரும்பாமல் பள்ளி நடத்திய கிறிஸ்டியன் ஸ்ட்ரெங்க, ஃப்ரீட்ரிக் கிரெப்ஸ். நெசவாளியாக இருந்து எழுத்துக்கு வந்த ஹைன்ரிக் ஓட்டோ. எழுதக் கற்ற கை, சொற்ப சம்பளம், குளிர்காலப் பள்ளி, கோடையில் ஊர் ஊராகச் சான்றிதழ் எழுதப் போவது என்று கழிந்த வாழ்க்கைகள் இவை. இவர்களை 'வெகுளியான நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று அழைப்பது அநியாயம். ஒரு நீண்ட பாடமரபின் கடைசித் தேர்ச்சியாளர்கள் இவர்கள்.

ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு வடிவம் அமைந்ததும் பள்ளியையும் சபையையும் பொறுத்தே. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காத மென்னனைட்டுகளிடமும், 1730களில் சிலேசியாவிலிருந்து வந்த ஷ்வெங்க்ஃபெல்டர்களிடமும் மாதிரித் தாள்கள், புத்தகப் பெயர்ச்சீட்டுகள், பாட்டுச் சுவடிகள் செழித்தன. லூத்தரன், சீர்திருத்த சபைக் குடும்பங்கள் டவ்ஃப்ஷைன் என்னும் ஞானஸ்நானச் சான்றிதழை வளர்த்தன. ஐரோப்பிய வேர் புதுமண்ணில் என்னவாகிறது என்பதை இந்தச் சான்றிதழ்தான் தெளிவாகக் காட்டுகிறது. இங்கே அரசு சபை இல்லை, போதகர்கள் அரிது, பதிவேட்டை நம்பியிருக்க முடியாது. எனவே வாழ்த்துக் கடிதம் ஆவணமாக மாறியது. தந்தை பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், ஊர், கவுண்டி, நாள், சிலவற்றில் நேரமும் ராசியும், ஞானஸ்நானம் கொடுத்த போதகர், சாட்சிகள் எல்லாம் நடுவிலிருந்த இதயத்துக்குள் வந்து அமர்ந்தன. நாணயம் போய்விட்டது, வம்சம் வந்துவிட்டது. அதைச் சுவரில் மாட்டவில்லை. மரப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டினார்கள், விவிலியத்துக்குள் மடித்துவைத்தார்கள். பிற்காலத்தில் சுதந்திரப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது, குடும்பத்தை நிரூபிக்க இந்தத் தாள்களையே அரசுக்கு அனுப்பினார்கள். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் டியூலிப்புகளும் தேவதூதர்களும் இன்றும் இருப்பது அதனால்தான். அழகும் சான்றும் ஒரே தாளில் நிற்க முடியும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிதான் வேர் என்பதற்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. விஸ்டுலா டெல்டாவில் வாழ்ந்த மென்னனைட்டுகள், பெரும்பாலும் டச்சு வம்சாவளியினர், 1789இல் ட்னீப்பர் கரையின் கோர்டிட்சாவில் குடியேறி, 1874 முதல் கான்சஸுக்கும் மானிடோபாவுக்கும் போனார்கள். பென்சில்வேனியப் பள்ளிகளின் சாயல் படாமல் வளர்ந்த அவர்களிடமும் வண்ணத் தலையெழுத்துகள், பூ வரைந்த கணக்குப் புத்தகங்கள், புத்தாண்டு வாழ்த்துத் தாள்கள் உண்டு. இரு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது, ஜெர்மன் எழுத்துச் சொல்லிக்கொடுத்த சபைப் பள்ளி.

கலையின் முடிவும் இதையே சொல்கிறது. அச்சுதான் அதைக் கொன்றது என்பார்கள். ஆனால் எஃப்ராட்டாவில் 1780களிலேயே சான்றிதழ்ப் படிவங்கள் அச்சாயின. ஓட்டோவும் கிரெப்ஸும் அவற்றை வாங்கிக் கையால் நிரப்பி வண்ணமிட்டார்கள். கலை இன்னும் அரை நூற்றாண்டு வாழ்ந்தது. 1834இல் பென்சில்வேனியாவின் இலவசப் பள்ளிச் சட்டம் வந்து, ஆங்கிலப் பள்ளிகள் பரவி, ஜெர்மன் சபைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதுதான் கை நின்றது. எந்தப் பள்ளியில் பிறந்ததோ அந்தப் பள்ளியோடு போயிற்று.

ஆய்வுலகம் இந்தத் திசைக்கு வரத் தாமதித்ததில் ஜான் ஜோசஃப் ஸ்டவுட்டுக்கும் பங்குண்டு. 1937இல் அவர் ஒவ்வொரு பூவையும் லில்லியாக்கி, ஒவ்வொரு லில்லியையும் யாக்கோப் போமேயின் மறைஞானத்தோடு சேர்த்தார். ஞானப்பாட்டுகளைக் கவனித்தது அவருடைய பெருமை. அவற்றைக் குறியீட்டு அகராதியாகச் சுருக்கியது பிழை. மாற்றம் ஃப்ரெடரிக் வைசரிடம் தொடங்கியது. 1973இல் அவர் எழுதிய கட்டுரை சான்றிதழ்களின் வாசகத்தைச் சடங்கோடும் சட்டத்தோடும் சேர்த்து வாசித்தது. அச்சுப் படிவங்களை ஆறு தொகுதிகளில் அடுக்கிய க்ளாவ்ஸ் ஸ்டாப், எழுதிய கைகளுக்குப் பெயர் தேடித் தந்த எர்னஸ்ட் தம்பதியர் ஆகியோரின் பொறுமையான உழைப்பு இல்லாவிட்டால் இந்த வாத்தியார்களில் பலர் பெயரற்றவர்களாகவே இருந்திருப்பார்கள்.

இனி செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. ஃப்ராக்டூர் தாள்களைப் பறவை வகை, பூ வகை என்று அடுக்குவதை நிறுத்திவிட்டு, பள்ளி வாரியாகவும் வாத்தியார் வாரியாகவும் அடுக்க வேண்டும். நியூரம்பெர்க் பாடநூல்களையும் அல்சாஸ் ஞானக் கடிதங்களையும் பென்சில்வேனியத் தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்காட்சிக் கூடங்கள் ஒவ்வொரு தாளின் வாசகத்தையும் முழுமையாக மொழிபெயர்த்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் ரசிப்பது இந்தக் கலையைப் பாதியாக்குவது. மக்கள் கலை என்றாலே அது கல்விக்கு வெளியே, தானாக முளைத்தது என்ற நம்பிக்கையை விட்டாக வேண்டும். உழவர் வீட்டுப் பிள்ளையின் பெயரை அரசவை எழுத்தில் எழுதித் தரலாம் என்று துணிந்தது ஒரு பள்ளி மரபு. துறவிகளுக்குக் கொடுத்துவிட்ட பெருமையை அந்த மரபிடம் திருப்பித்தருவதே வரலாற்றாசிரியரின் கடமை.