தலைப்புக்குள் அடங்காத பிளம்பர்

ஹாரி பேட்ச் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு பாட்டு வழியாகத்தான். 2009 ஆகஸ்டில் ரேடியோஹெட் வெளியிட்ட அஞ்சலிப் பாடல். யாருப்பா இந்த ஆளு என்று தேடப் போய், அவருடைய தன்வரலாற்றில் வந்து நின்றேன். ‘தி லாஸ்ட் ஃபைட்டிங் டாமி’, அதாவது ‘போரிட்ட கடைசி டாமி’. பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாய்க்கு டாமி என்று பெயர். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் வான் எம்டனோடு சேர்ந்து எழுதி 2007இல் வந்த புத்தகம். அப்போது பேட்சுக்கு வயது 109.

விற்கத் தெரிந்த தலைப்பு. ஆனால் உள்ளே இருக்கும் மனிதர் அந்தத் தலைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறார். புத்தகம் எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

‘போரிட்ட’ என்பதை எடுத்துக்கொள்வோம். 1898இல் பாத் நகரை ஒட்டிய கூம் டவுனில் பிறந்து, பிளம்பர் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். பட்டாளத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. 1916இல் கட்டாய ஆள்சேர்ப்பில் போனார். அடுத்த வருஷம் பாஸ்செண்டேல் சேற்றில், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் ஒருவர். முடிந்தவரை யாரையும் கொல்லக் கூடாது, காலைப் பார்த்துச் சுடுவோம் என்று அந்தக் குழு தங்களுக்குள் பேசி வைத்திருந்தது. ஒருநாள் ஒரு ஜெர்மன் சிப்பாய் பயனெட்டோடு அவரை நோக்கி ஓடிவருகிறார். பேட்ச் தோளில் சுடுகிறார். ஆள் நிற்கவில்லை. அடுத்து காலில் சுடுகிறார். உயிரை விட்டுவைக்கிறார்.

இங்கே நிறுத்தியிருந்தால் அழகான நீதிக்கதை ஆகியிருக்கும். பேட்ச் நிறுத்தவில்லை. 1917 செப்டம்பர் 22 அன்று வெடித்த ஒரு குண்டு அவருடைய குழுவில் மூன்று பேரைக் கொன்றது. அவர் அடிவயிற்றில் சிதறல் பாய்ந்தது. நண்பர்கள் செத்த பிறகு அந்த ஜெர்மானியர் எதிரே வந்திருந்தால் கொல்வதில் தனக்கு எந்தத் தயக்கமும் இருந்திருக்காது என்கிறார். அவரைச் சமாதானப் புறாவாக்க நினைப்பவர்கள் சட்டென்று தாண்டிப் போகும் இடம் இது. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தன் கருணைக்கும் ஒரு தேதி இருந்தது என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

அடுத்து ‘கடைசி’. மற்றவர்கள் எல்லாரும் செத்துப்போனதால் கிடைத்த பட்டம். நூறு வயது வரைக்கும் போரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, முதல் மனைவி ஏடாவிடம்கூட. 1998இல் ஒரு பிபிசி ஆவணப்படத்துக்காகத்தான் பேசத் தொடங்கினார். அதன்பின் கேட்பவர்கள் நிற்கவே இல்லை. என் விமர்சனமும் இங்கேதான் வருகிறது. பல பேட்டிகளில் சொல்லிச் சொல்லி அந்தப் போர்க்காட்சிகள் கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டன. அவை உண்மைதான், ஆனால் கைகள் பட்ட உண்மை. யாரும் அதிகம் கேட்காத பகுதிகளில்தான் மொழிக்கு உயிர் வருகிறது: பிரிஸ்டலில் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் பிளம்பராக வேலை பார்த்தது, 1942இல் பாத் நகரத்தின் மேல் குண்டு விழுந்தபோது தீயணைப்பு வீரராக ஓடியது. போர்முனையில் இருந்தது சில மாதங்கள். குழாயும் ஈயமுமாகக் கழிந்தது பல பத்தாண்டுகள். ‘சேவை’ என்றதும் நமக்கு முதலாவதுதான் ஏன் ஞாபகம் வருகிறது?

நவம்பர் 11 அரசு விழாக்கள் அவருக்கு வெறும் காட்சி. அவருடைய நினைவுநாள் செப்டம்பர் 22தான். 2009 ஜூலையில், 111 வயதில் இறந்தார். வெல்ஸ் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் அவர் விருப்பப்படி துப்பாக்கிகள் கிடையாது, மரியாதைக்காகக்கூட. சவப்பெட்டியின் பக்கத்தில் பெல்ஜிய, பிரெஞ்சு சிப்பாய்களோடு ஜெர்மன் சிப்பாய்களும் நடந்தார்கள்.

தலைப்பை மாற்ற அவரால் முடியவில்லை. தன் சாவுக்கான நிபந்தனையை மட்டும் அவரே எழுதிக்கொண்டார்.