விரலால் சாய்க்கும் வெளிச்சம்

சோனி ஆர்எக்ஸ்100 பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் சென்சாரில்தான் ஆரம்பிப்பார்கள். சில மாதங்களாக அதைப் பையிலும் கையிலும் வைத்துப் புழங்கிய பிறகு, எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதன் ஃப்ளாஷைத் தாங்கி நிற்கும் சின்னக் கீல். பட்டனைப் பாதி அழுத்தியதும் இடப்பக்க ஓரத்தில் ஃப்ளாஷ் எழும்பி நிற்கும். அதை ஆள்காட்டி விரலால் மெல்லப் பின்னுக்கு இழுத்தால், எதிரில் இருப்பவர் முகத்தை விட்டுவிட்டு அது சீலிங்கைப் பார்க்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் கையடக்கமான கேமரா ஒன்றைக் கைக்கடக்கமான விலையில் வாங்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம், 2012-இல் வந்த இந்த முதல் மாடலை நான் சொல்வதற்குக் காரணம் அந்த ‘இவ்வளவு’தான்.

ஸ்பெக் எல்லாம் ஊரறிந்தவை. 20 மெகாபிக்சல், 28 முதல் 100 மி.மீ. வரை போகும் சைஸ் (Zeiss) லென்ஸ், அகலக் கோணத்தில் எஃப் 1.8, பேட்டரியும் கார்டும் சேர்த்து 240 கிராம். தடிமன் 36 மி.மீ.க்குள். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். பேன்ட் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. இதற்குப் பின் 2019 வரை அடுத்தடுத்து மாடல்கள் வந்து ஏழாவது வரை போயின. ஆனாலும் பழையவற்றைச் சோனி உடனே நிறுத்திவிடாமல் பல வருடங்கள் கூடவே விற்றுக்கொண்டிருந்தது. அதனால் செகண்ட் ஹேண்டில் முதல் மாடல் தாராளமாகக் கிடைக்கிறது. வந்த புதிதில் அமெரிக்காவில் 650 டாலர் விலை வைத்த கேமரா இன்று நடுத்தர ரக போன் ஒன்றின் விலைக்குள் வந்து நிற்கிறது.

பட்ஜெட் கேமரா தேடுகிறவர்களை இன்றும் வழிதவற வைப்பவை இரண்டு எண்கள். ஒன்று மெகாபிக்சல், இன்னொன்று சூம். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று கேமரா முகப்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலம் போய்விட்டது. ஆனால் அந்தக் கேமராக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது 6.2க்கு 4.6 மி.மீ. அளவுள்ள சென்சார். பரப்பு 28 சதுர மி.மீ. ஆர்எக்ஸ்100-இல் இருப்பது 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பு 116 சதுர மி.மீ. அதாவது நான்கு மடங்கு. அந்தி சாய்ந்த பிறகு எடுக்கும் படத்தில் முகம் முகமாக இருக்குமா, அரைத்துப் பூசிய மாதிரி இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பரப்புதான். கையில் பணம் குறைவாக இருந்தால் சூமை விட்டுக்கொடுங்கள், வயதில் மூத்த மாடலாக எடுங்கள். சென்சார் பரப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேனானின் பவர்ஷாட் எஸ் வரிசை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2009-இல் வந்த எஸ்90, லென்ஸைச் சுற்றி ஒரு வளையத்தை வைத்து, பாக்கெட் கேமராவையும் இரண்டு கையால் பிடித்து நிதானமாகப் படமெடுக்கச் சொன்னது. ஆர்எக்ஸ்100-இலும் அந்த வளையம் உண்டு. பட்ஜெட் இன்னும் கீழே என்றால் எஸ்90-ஐயோ அதற்கடுத்த எஸ்95-ஐயோ தயங்காமல் வாங்கலாம். ஆனால் சென்சார் பரப்பில் அவை ஆர்எக்ஸ்100-இன் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுபவை. விரலால் சாய்க்கும் ஃப்ளாஷும் கிடையாது. எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிய இழப்பு.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பகல் வெளிச்சத்தில் நல்ல போன் எடுக்கும் படத்தை இந்தக் கேமரா தோற்கடிக்காது. நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வித்தையெல்லாம் போனில்தான் வளர்ந்தது. ஆனால் போனுக்கென்று சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் பின்னால் இருக்கும் எல்இடி, கீழே விழுந்த சாவியைத் தேடத்தான் சரி. கேமராவின் ஃப்ளாஷில் இருப்பது செனான் குழாய். கெபாசிட்டரில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் ஒரே வீச்சில் கொட்டிவிடும். அந்த வீச்சில் ஓடுகிற குழந்தையும் அப்படியே நின்றுவிடும். 2012-இல் நோக்கியா 808 ப்யூர்வியூ, அடுத்த வருடம் லூமியா 1020 என்று செனானைப் போனுக்குள் வைத்த முயற்சிகள் நடந்தன. இடத்தை அடைக்கிறது, போனைத் தடிமனாக்குகிறது என்பதால் அந்த வழி அத்தோடு ஏறக்குறைய அடைபட்டது. வீட்டுக்குள், இரவில், மனிதர்களைப் படமெடுக்கப் பாக்கெட் கேமரா இன்றும் வேண்டியிருப்பது இதனால்தான்.

ஃப்ளாஷ் என்றாலே நம்மில் பலருக்கும் ஒவ்வாமை. அதற்கும் காரணம் இருக்கிறது. விரல் நக அளவுள்ள ஒரு சின்னப் புள்ளியிலிருந்து, அதுவும் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே, வெளிச்சம் நேராக முகத்தில் அறைகிறது. மூக்குக்கும் கன்னத்துக்கும் உள்ள மேடுபள்ளம் போய் முகம் தட்டையாகிறது. வியர்வையும் எண்ணெயும் படிந்த நெற்றி பளபளக்கிறது. பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழல் ஒட்டிக்கொள்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால், முன்னால் இருப்பவர் வெளுத்துப்போக, இரண்டடி தள்ளி நிற்பவர் இருட்டுக்குள் போய்விடுகிறார்.

அதே ஃப்ளாஷைச் சீலிங்குக்குத் திருப்பினால் கணக்கு மாறுகிறது. இப்போது வெளிச்சம் தருவது விரல் நகம் இல்லை. சீலிங்கின் ஒரு பெரிய வெள்ளைப் பரப்பு. நடுமுற்றத்தில் பகல் வெளிச்சம் இறங்குவதுபோல் அது மேலிருந்து பரவலாக வந்து விழுகிறது. முகத்துக்கு மேடுபள்ளம் திரும்ப வருகிறது. நிழல் கழுத்துக்குக் கீழே மெல்லிசாக ஒதுங்கிவிடுகிறது. முன்வரிசை, பின்வரிசை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்.

உறவில் ஒரு வளைகாப்பு. வீட்டு ஹாலில், விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு, ஒற்றை ட்யூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. முதல் படத்தை ஃப்ளாஷை நேராக வைத்தே எடுத்தேன், வித்தியாசத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க. கன்னத்தில் பூசிய சந்தனம் வெள்ளைத் திட்டாகிப் போயிருந்தது. அடுத்ததை விரலால் சாய்த்து எடுத்தேன். சந்தனம் சந்தன நிறத்தில் இருந்தது. ஓரத்தில் காய்ந்து வெடிக்கத் தொடங்கிய இடம்கூடத் தெரிந்தது. முழங்கை வரை அடுக்கிய கண்ணாடி வளையல்களில் சிவப்பு வேறு, பச்சை வேறு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கோடாக வெளிச்சம் ஓடியது. பின்னால் நின்று நலங்குத் தட்டை நீட்டிய அத்தையின் முகமும் தெளிவாக விழுந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டியை எடுத்தபோது, “எடுத்துட்டியாடா? கண்ணே கூசலையே” என்றார். வெளிச்சம் கண்ணில் அறையாததால் யாரும் கண்ணைச் சுருக்குவதில்லை, முகத்தை விறைப்பாக்கிக்கொள்வதில்லை. படத்தின் அழகில் பாதி அங்கேயே வந்துவிடுகிறது.

இதற்கு நான் வைத்துக்கொள்ளும் செட்டிங் எளிமையானது. பின்பக்கச் சக்கரத்தின் வலப்புறத்தை அழுத்தி ஃபில் ஃப்ளாஷைத் தேர்ந்தெடுத்துவிடுவேன். ‘ஏ’ மோடில் அப்பர்ச்சரை 1.8-இல் வைத்து, சூமைத் தொடாமல், ஐஎஸ்ஓ 800. சீலிங்குக்குப் போய்த் திரும்புவதற்குள் வெளிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதால் இவ்வளவு தேவைப்படுகிறது. 800-இல் இந்தச் சென்சார் சுத்தமாகவே கொடுக்கும்; சின்ன சென்சார் கேமராவில் இதே தந்திரத்தைச் செய்திருந்தால் படம் மணல் மணலாக ஆகியிருக்கும். சென்சாரின் பரப்பும் ஃப்ளாஷின் கீலும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

வேலை செய்யாத இடங்களும் உண்டு. பத்து, பதினோரு அடி உயரத்தில் வெள்ளையடித்த கான்கிரீட் சீலிங் என்றால் உத்தமம். ஓட்டு வீட்டிலும், மரச்சட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும் மேலே போன வெளிச்சம் திரும்ப வராது. கல்யாண மண்டபத்தின் உயரத்துக்கு இந்தச் சின்னக் குழாய் எட்டாது. சிவப்புத் துணி கட்டிய பந்தலுக்குள் எடுத்தால் எல்லார் முகமும் சிவந்துவிடும். பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையிலும் நிறம் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ரா ஃபைலாக எடுத்து வைத்தால் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். இன்னொன்று, சீலிங் ஃபேன். பழுப்பு நிற இறக்கைகளுக்கு நேர் கீழே நின்று எடுத்தால் அவை வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஓரடி நகர்ந்து நின்றால் போதும்.

வெயிலிலும் ஃப்ளாஷுக்கு வேலை இருக்கிறது. உச்சிவெயிலில் நிற்பவரின் கண்குழி கறுப்பாகிவிடுவது நம் ஊர்ப் படங்களின் நிரந்தர வியாதி. எஸ்எல்ஆர் கேமராக்கள் பொதுவாக 1/200, 1/250 நொடிக்கு மேல் ஃப்ளாஷோடு ஒத்துப்போவதில்லை. இதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் கூடவே வரும். வெளியில் மட்டும் ஃப்ளாஷை நேராக விட்டு, அளவைக் குறைத்து வைத்தால், கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்து முகம் உயிர்பெறும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உடம்பு முழுக்க வழவழப்பான அலுமினியம். முன்னால் விரல் பிடிக்க ஒரு மேடுகூட இல்லை. கையில் வியர்வை என்றால் வழுக்கும். மணிக்கட்டு வார் இல்லாமல் வெளியே எடுக்கக்கூடாது. ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிரிப் ஒன்றும் வாங்கி ஒட்டிவிடுவது நல்லது. லென்ஸ் வளையம் சுற்றும்போது ‘டிக் டிக்’ என்று நிற்காது. எவ்வளவு சுற்றினோம் என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திரை சாயாது, தொட்டால் கேட்காது, வைஃபையும் கிடையாது. போனுக்கு அனுப்ப ஓடிஜி கார்டு ரீடர்தான் வழி. சூம் செய்யச் செய்ய வெளிச்சம் குறைந்துகொண்டே போய் 100 மி.மீ.யில் எஃப் 4.9-இல் நிற்கும், அதனால் இதை அகலக் கோணக் கேமராவாக நினைத்துக்கொள்வது நிம்மதி. பெட்டியில் தனிச் சார்ஜர் வராது, கேமராவிலேயே மைக்ரோ யுஎஸ்பி செருகி ஏற்ற வேண்டும். ஆனால் என்பி-பிஎக்ஸ்1 பேட்டரிதான் இந்த வரிசையின் ஏழு மாடலுக்கும் என்பதால் மாற்று பேட்டரிக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு இளைஞர்களிடம் திடீர் மவுசு. பதினைந்து, இருபது வருடப் பழைய, சிசிடி வகை சென்சார் உள்ள கேமராவை, முகத்தில் நேராக ஃப்ளாஷ் அடித்த படத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். கேமராவைக் கையில் எடுப்பதே சந்தோஷம்தான். ஆனால் ‘சிசிடி’ என்ற மூன்றெழுத்துக்காக விலையை ஏற்றி விற்பதைப் பார்க்கும்போது மனது பொறுப்பதில்லை. நிறத்தைத் தீர்மானிப்பதில் சென்சார் வகையைவிட, கேமராவுக்குள் நடக்கும் நிறக் கணக்கும், விழும் வெளிச்சமும்தான் முக்கியம். அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் பல மடங்கு நல்ல கேமரா வரும் என்பதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டியவை சில. நீண்டு சுருங்கும் லென்ஸ் தூசியை உள்ளே இழுக்கும். கேமராவைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. அதனால் அப்பர்ச்சரை 11-இல் வைத்து வெள்ளைச் சுவரை அகலக் கோணத்தில் ஒன்று, முழு சூமில் ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால் வேண்டாம். லென்ஸ் வெளியே வரும்போது கரகரப்பு கேட்கக்கூடாது, கோணலாக நிற்கக்கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஃப்ளாஷை எழுப்பி, விரலால் பின்னுக்கு இழுத்து, ஒரு படம் எடுங்கள். விரலை விட்டதும் அது துள்ளி நேராக வர வேண்டும். தொங்கிப்போய் நின்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தூரத்துப் பறவைக்கும், மைதானத்துக் கிரிக்கெட்டுக்கும், வீடியோவுக்கும் இது உங்கள் கேமரா இல்லை. பகலில் ஊர் சுற்றுகிறவருக்குப் போனே போதும். ஆனால் வீட்டு விசேஷங்களை நீங்கள்தான் எடுக்கிறீர்கள், பெரியவர்கள் முகம் நாளைக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், செலவழிக்க அதிகம் இல்லை என்றால், ஆர்எக்ஸ்100 முதல் மாடலை நம்பி வாங்குங்கள். வாங்கிய அன்றே ஃப்ளாஷைச் சாய்த்துப் பழகுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் வேறு எந்த வசதியையும் நீங்கள் அதிகம் தேட மாட்டீர்கள்.