ப. சிங்காரம் நாவல்களில் நட்பும் பரிவும்

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரு நாவல்களையும் போர்க்கால ஆவணங்களாகவே ஆய்வாளர் பலர் அணுகியுள்ளனர். 1938இல் மெடான் சென்று, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை அயல்மண்ணிலேயே கழித்தவரின் படைப்புகள் என்பதால் அது இயல்பே. எனினும், அவற்றின் உயிர்நிலை நண்பர்களின் பேச்சில் உள்ளதெனக் கருதுகின்றோம்.

பாண்டியனும் மாணிக்கமும் அன்பை அன்பென்று சொல்வதில்லை. கேலி, இலக்கியச் சண்டை, மது ஆகியவற்றின் ஊடாகவே அது கசிகின்றது. நாளை உயிர் எஞ்சுமா என்றறியாத இடத்தில் குழைந்த சொல் பொய்யாக ஒலிக்கும். கிண்டல் அவ்வாறு ஒலிப்பதில்லை. முந்தைய நாவலில், படைக்குச் சென்று மீண்ட செல்லையாவுக்கு முதலாளி தம் மகள் மரகதத்தைத் தர மறுக்கிறார். துப்பாக்கி ஏந்திய கை இனிப் பெட்டியடிக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. (வட்டித்தொழிலின் கணக்கு அப்படித்தான்.) அங்கும் தேற்ற வருபவன் மாணிக்கமே, அவன் தேற்றுவதும் தத்துவம் பேசித்தான்.

மரகதத்தின் துயரத்திற்கு இத்தகைய தோழமை வாய்க்கவில்லை. சிங்காரத்தின் பரிவு ஆண்களின் வட்டத்திற்குள்ளேயே நின்றுவிடுகின்றது. இதனை அவர்தம் குறையென்றே சொல்லவேண்டும்.

பூச்சோங், கிள்ளான் வட்டார ஆசிரியர்கள் இந்நாவல்களை வகுப்பில் எடுத்துக்கொள்ளும்போது, படைகளின் பெயர்களைக் காட்டிலும் அம்மதுக்கூட உரையாடல்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம்.