இறந்த பாடகருக்கு ஒரு பை ரன்னர்

2024-இல் தமிழ்த் திரையிசையில் மூன்று பாட்டுகள் ஆட்டத்தையே மாற்றின. ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா'. 1997-இல் கார் விபத்தில் இறந்த சாகுல் ஹமீதும் 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவும் ரஹ்மான் இசையில் மறுபடி பாடினார்கள். மென்பொருளால் அவர்களைப் பாட வைத்தது கிருஷ்ண சேத்தனின் டைம்லெஸ் வாய்ஸஸ் நிறுவனம். ஜூனில் அதே நிறுவனத்தின் வேலையாக 'கோட்' படத்தின் 'சின்ன சின்ன கண்கள்'. அந்த ஜனவரியில்தான் காலமான பவதாரிணி, விஜய்யோடு சேர்ந்து பாடினார். செப்டம்பரில், ரஜினி நம்ம கன்னியாகுமரி மாவட்ட எஸ்.பி.யாக வந்த 'வேட்டையன்' படத்துக்காக, 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல் 'மனசிலாயோ'வில் ஒலித்தது.

ஆடுகளத்தைப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் தாளம் கொட்டி முழக்கும் பாட்டுகள். குரலில் சின்னப் பிசிறு இருந்தாலும் அந்த இரைச்சலில் தெரியாது. பேட்ஸ்மேனுக்குச் சாதகமான பிட்ச். பவதாரிணி பாட்டு அப்படியல்ல. மெல்லிய மெட்டு, ஒளிய இடமில்லை. அதில் தாக்குப்பிடித்ததுதான் என் கணக்கில் நிஜமான இன்னிங்ஸ். முதல் பாட்டில் பாக்யாவின் அடிக்குரல் கனமும் நன்றாகவே வந்திருக்கிறது.

பாடும் மென்பொருள் புதிதல்ல. யமஹா தன் வோக்கலாய்டை 2003-இல் அறிவித்தது. சப்போரோ நகரத்து கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்டில் அதில் ஹாட்சுனே மிக்குவைக் கொண்டுவர, ஒரு கார்ட்டூன் பெண் ஜப்பானில் கச்சேரிக் கூட்டம் சேர்த்தாள். அங்கே சுரத்தையும் சொல்லையும் எழுதிக் கொடுத்தால் போதும், மென்பொருளே பாடிவிடும். ஜப்பானியம், ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், கொரியன் எல்லாம் அதற்கு வரும். தமிழ் வராது.

நம் ஆட்கள் பிடித்தது வேறு வழி. முதலில் உயிரோடிருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாட வேண்டும். மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகிய மென்பொருள், அந்தப் பாட்டின் மேல் அவருடைய குரல்நிறத்தை ஏற்றும். ழகரச் சுத்தம், கமகம், மூச்சு, தாளத்தில் விழுகிற இடம் எல்லாம் பெரும்பாலும் பாடிக் கொடுத்தவருடையவை. இதுக்குப் பேர்தான் பை ரன்னர். கிரிக்கெட்டில் காயம்பட்ட பேட்ஸ்மேனுக்காக ஓடுவது ஒருவர், ரன் ஏறுவது இன்னொருவர் கணக்கில். சலுகை தவறாகப் பயன்படுகிறது என்று ஐ.சி.சி. 2011 அக்டோபரில் சர்வதேச ஆட்டங்களில் பை ரன்னரையே எடுத்துவிட்டது. இசையில் அந்த விதிப்புத்தகம் இன்னும் எழுதி முடியவில்லை.

டைம்லெஸ் வாய்ஸஸ் மேலே வந்ததற்குத் தொழில்நுட்பம் பாதிக் காரணம்தான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், உரிய தொகையும் கொடுத்தோம் என்று ரஹ்மான் முதல் பாட்டு வந்த கையோடு சொன்னது மறுபாதி. அதே சமயத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமல் பயன்படுத்தியதாகத் தெலுங்கு 'கீடா கோலா' படக்குழுவுக்கு அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், அரிஜித் சிங் குரலை நகலெடுக்க இடைக்காலத் தடை போட்டது. ஆக, மறைந்தவரின் குடும்பமும் புகழ்பெற்றவரும் தங்களுக்குரியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பாடிக் கொடுத்தவர்? ரசிகர்களில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?

இதைக் குழித்துறையில் உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. இங்குள்ள வாவுபலி பொருட்காட்சி மேடையிலும் ஊர்த் திருவிழா கானமேளாக்களிலும் யேசுதாஸ் மாதிரி, மலேசியா வாசுதேவன் மாதிரி பாடும் ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு நாளை தேவைப்படும் ஓட்டக்காரர்கள் இவர்கள்தான். அழைப்பு வந்தால் போங்க, தாராளமாகப் பாடுங்க. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டைக் கேளுங்க: பாடகர் பட்டியலில் என் பேர் இருக்குமா? நான் பாடித் தருவது இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்தானா? பதிலை எழுத்தில் வாங்காமல் மைக் முன்னால் நிற்காதீங்க.