கோட்டின் அகலம்

புதுக்கவிதையின் மௌனம் பற்றி நாம் போதிய அளவு பேசியாகிவிட்டது. அந்த மௌனத்துக்கு அச்சில் ஓர் அகலம் உண்டு, அதை அளக்கவும் முடியும் என்பது எனக்கே சென்ற மாதம்தான் உறைத்தது. புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் அகப்பட்ட ஒரு கவிதைத் தொகுப்பின் முதல் பதிப்பைக் கோட்டக்குப்பத்துக்குக் கொண்டுவந்து, கையிலிருந்த மறுபதிப்போடு வைத்துப் பார்த்தேன். ஈய எழுத்தில் கோத்த முதல் பதிப்பில், வரியின் நடுவே நீளக் கோடு. கணினியில் அடித்த மறுபதிப்பில் அதே இடத்தில் சிறுகோடு, இருபுறமும் இடைவெளிகூட இல்லாமல். முன்னதில் தயங்கி நின்று பிறகு வந்த சொல், பின்னதில் முந்தைய சொல்லோடு ஒட்டிக் கூட்டுச்சொல் ஆகிவிட்டது. பிழை திருத்தியவருக்கு இது பிழையாகவே பட்டிராது. எழுத்து எதுவும் மாறவில்லையே.

அச்சுக்கூடத்தில் அகலத்தின் அலகு 'எம்'. எழுத்தின் அளவு எதுவோ அதுவே ஒரு 'எம்'. 12 பாயிண்ட் எழுத்தில் அது 12 பாயிண்ட், ஏறத்தாழ அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. அதில் பாதி 'என்'. நீளக் கோடு ஒரு 'எம்', நடுக்கோடு ஒரு 'என்', சொற்களை இணைக்கும் சிறுகோடு இன்னும் குட்டை. கம்பாசிட்டர் கையில் இவை தனித்தனி ஈயத் துண்டுகள். ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தில் கோடு ஒன்றுதான். நீளக் கோடு வேண்டியவர் அதையே இருமுறை தட்டினார். கணினி விசைப்பலகை அந்த ஒற்றைக் கோட்டைச் சுவீகரித்துக்கொண்டது. யுனிகோடில் 'என்' கோட்டுக்கு 2013, 'எம்' கோட்டுக்கு 2014 என்று இடம் இருக்கிறது (ஆண்டுகள் அல்ல, பதினாறடிமான எண்கள்). இருந்து என்ன, விரல் எட்டும் இடத்தில் இல்லை.

தமிழில் சங்கடம் இன்னும் கூடுதல். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் பெரும்பாலும் அரை 'எம்' அகலம். அங்கே நீளக் கோடு இரண்டு எழுத்து நேரம் நிற்கும். நம்முடைய ஐ, ஔ, ஞ போன்றவை ஒரு 'எம்'மை நெருங்கும், சில அச்சுகளில் மீறும். அதே கோடு இங்கே ஓர் எழுத்துக்குத்தான் காணும். அதையும் சிறுகோடாக்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று மாத்திரைக் கணக்கு வைத்த மொழி இது. நிற்கும் இடத்தைச் சீரும் தளையும் காதுக்குச் சொல்லின. ஓலைக்கு நிறுத்தக்குறி தேவைப்படவில்லை. குறிகள் அச்சோடு வந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் உரைநடையில் ஊன்றின. 'எழுத்து' (1959) வழியே யாப்பை விட்ட கவிதை நிலைகொண்டபின், காது பார்த்த வேலையில் ஒரு பகுதி கண்ணுக்கு வந்தது. ஆகவே கோட்டை அலங்காரம் என்று தள்ள நான் தயாரில்லை. தளையின் வேலையைத்தான் அது செய்கிறது.

சொல்லத் தெரியாத இடத்திலெல்லாம் கோடு இழுக்கிற கவிஞர்களும் உண்டு. உரைநடையில் என்றால் பத்தில் ஒன்பதை வெட்டுவேன். 'என்று', 'ஆன' ஆகியவை இடைச்செருகலைத் தாமே தாங்கும்.

வங்கியில் நாள் முழுக்க நான் பார்ப்பது 500/- என்பதன் கடைசிக் கோட்டை. பிரிட்டிஷ் ஷில்லிங் கணக்கிலிருந்து வந்தது. ஷில்லிங்குக்கு மேல் பென்ஸ் இல்லை என்று பொருள். இங்கே ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லவே அது இருக்கிறது. விட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறு கை எதையாவது எழுதிவிடும்.

மறுபதிப்பு போடுகிறவர்கள் முதல் பதிப்பை எதிரே வைத்து, கோடுகளுக்கென்றே தனியாக ஒரு புரூப் பார்க்கலாம். இந்தத் தொகுப்பில் பதினோரு இடங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். அவற்றில் இரண்டில் சிறுகோடே மேல் என்றும் தோன்றுகிறது. கேட்கக் கவிஞர் இல்லை.