பங்குனிப் புறப்பாடு

கோடியக்கரைக்கு நான் முதல்முறை போனது ஒரு பங்குனி நடுவில். என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்த டீக்கடைக்காரர் பாவப்பட்டார். "சீசன் முடிஞ்சு போச்சே சார். மார்கழி, தையில வந்திருக்கணும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பள்ளிக்கூடப் பேருந்துகளும், துப்பாக்கி நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய படக்காரர்களும், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் தை மாதத்தோடு முடிந்துவிடுகின்றன. நானும் அன்று மாலை ஐந்து மணி வரை, தாமதமாக வந்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது கேட்டால், வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் பங்குனியின் பின்பாதியில் போங்கள் என்றுதான் சொல்வேன். வலசைப் பறவைகள் வருவதை நாம் பார்ப்பதே இல்லை. ஆவணியிலிருந்து ஐப்பசி வரை கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் இரவில் வந்து இறங்கும். காலையில் போனால் சேற்றில் நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். போவது அப்படியல்ல. அதற்கு அலங்காரம் உண்டு, சாப்பாடு உண்டு, குறித்த பொழுது உண்டு. கோயிலில் சுவாமி புறப்பாடு மாதிரிதான். காத்திருக்கத் தெரிந்தவருக்குக் கண்முன்னே நடக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேடந்தாங்கலில் மரம் நிறைய உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் காட்டி, சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த விருந்தாளிகள் என்று செய்தித்தாள்கள் வருஷம் தவறாமல் எழுதுகின்றன. அவை நம் ஊர்ப் பறவைகள். முட்டையிடத் தோதான மரமும் தண்ணீரும் தேடிக் கூடுகின்றன. எளிய விதி ஒன்று சொல்கிறேன்: குளிர்காலத்தில் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தால் அது வடக்கிலிருந்து வந்த பறவை அல்ல. உண்மையிலேயே சைபீரியாவிலிருந்து வருகிறவை சேற்றோரம் எலிக்குஞ்சு மாதிரி ஓடும் பழுப்பு நிறச் சில்லறைகள். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. சிட்டுக்குருவி அளவுதான், எடை முப்பது கிராமைத் தொட்டால் அதிகம். ஆர்க்டிக் கரையோரத் தூந்திரப் புல்வெளியில் பிறந்து நம் உப்பளத்துக்கு வந்து சேர்கிறது. அதைத் தாண்டி நடந்துபோய்ப் பூநாரையைப் படமெடுத்துத் திரும்புகிறவர்களே அதிகம். பூநாரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பங்குனியின் கதை அதனிடம் இல்லை.

இடம் கோடியக்கரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது, குப்பைமேட்டு வாடையைப் பொறுத்துக்கொண்டால். மன்னார்க்காரர்களுக்கு வங்காலை. ஊர் ஏரியில் முக்கால்வாசி வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் நின்றால் அதுவும் போதும். கோடை வரவர நீர் சுருங்கும், பறவைகள் ஒரே இடத்தில் நெருங்கும், நமக்கு வேலை மிச்சம். என்றாலும் கோடியக்கரைக்கு ஒரு தனித்தகுதி உண்டு. வடக்கு தெற்காக வரும் கடற்கரை சட்டென்று மேற்கே மடங்கும் மூக்கு அது. எதிரே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் யாழ்ப்பாணக் கரை. இலங்கையில் குளிர்காலம் கழித்துப் பாக் நீரிணையைத் தாண்டும் பறவைக்கு முதலில் காலூன்றக் கிடைக்கும் மண் இதுதான். 1967இல் சரணாலயமானது, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே வலை விரித்துப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டுவருகிறார்கள். நீங்கள் பார்க்கும் உள்ளானின் காலில் வளையமோ சின்ன வண்ணக்கொடியோ தெரிந்தால் எந்தக் காலில், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து அவர்களுக்கு எழுதுங்கள். ஒரு பறவையின் பயணத்தில் அது ஒரு புள்ளியாகச் சேரும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. உப்பளத்தில் காலை எட்டரைக்கு மேல் கானல் கிளம்பிவிடும். தூரத்துப் பறவையெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். எவ்வளவு விலையுள்ள பைனாகுலரானாலும் அந்த நெளிவைத்தான் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே விடிந்ததும் இரண்டு மணி நேரம், பிறகு மாலை நாலு மணிக்கு மேல். இடையில் தூங்குங்கள். காலையில் கிழக்கோரத்திலும் மாலையில் மேற்கோரத்திலும் நின்றால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். பங்குனியில் நிறம்தான் பாதி விஷயம் என்பதால் இது முக்கியம். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வாய் கொண்ட பைனாகுலர் தாராளமாகப் போதும். கேமராவை முதல் நாள் அறையில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

பெயர் தெரியவில்லையே என்று கையேட்டைப் புரட்டத் தொடங்காதீர்கள். உள்ளான்களின் பெயரில் சிக்கிக்கொண்டவர்கள் பலர் அத்தோடு பறவை பார்ப்பதையே விட்டிருக்கிறார்கள். முதல் அரைமணி நேரம் அவை சாப்பிடுவதைப் பாருங்கள். இரண்டு கூட்டம் தானாகப் பிரியும். ஒன்று, நாலடி ஓடும், விறைத்து நிற்கும், சட்டென்று குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். கண்ணால் இரை தேடும் உப்புக்கொத்தி அது. கண் பெரிது, மூக்கு குட்டை. இன்னொன்று நிற்பதே இல்லை. தையல் இயந்திர ஊசி போலச் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். அது உள்ளான். அதன் மூக்கு நுனியில் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. சேற்றுக்குள் புழு அசைவதை அந்த நுனிதான் உணர்கிறது. அடி மூக்கு மூடியிருக்க, நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடிக்கவும் பல இனங்களால் முடியும். கருவால் மூக்கனின் மூக்கு நீளம், ஆழத்தில் கிடப்பது அதற்கு. கொசு உள்ளானின் மூக்கு குட்டை, மேலே கிடப்பது அதற்கு. ஒரே சேற்றில் பந்தி பந்தியாகச் சாப்பாடு.

மூக்கைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பழைய ஆசான் நமக்கு ஒருவர் உண்டு, சத்திமுத்தப் புலவர். நாரையைத் தூது அனுப்பிய பாட்டில் அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டவர். அந்தப் பாட்டை அறியாதவர் இல்லை. அந்த நாரை எந்தத் திசையில் போகிறது என்று யோசித்தவர் குறைவு. தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரை அது. ஊருக்குத் திரும்பும் பறவையிடம்தான் ஊருக்குச் சேதி சொல்லி அனுப்ப முடியும். (புலவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார், மாதக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

இனி அலங்காரம். தையில் பார்த்த வளைமூக்கு உள்ளான் சாம்பலும் வெள்ளையுமாக, சாயம் போன வேட்டி மாதிரி இருந்திருக்கும். பங்குனி பிறந்ததும் மார்பில் இரண்டு மூன்று செம்பொட்டுகள் தெரியும், தகரத்தில் துரு பிடித்தாற்போல. அடுத்த வாரம் பொட்டுகள் திட்டாகும். சித்திரைக்குள் கழுத்திலிருந்து வயிறு வரை சுட்ட செங்கல் நிறம் ஏறிவிடும். பொன்னிற உப்புக்கொத்தி இன்னும் வேடிக்கை. முகத்திலிருந்து அடிவயிறு வரை மைப்புட்டியைக் கவிழ்த்ததுபோல் கறுப்பு பரவும். பாதி பரவிய நிலையில் பார்த்தால் ஏதோ நோய் வந்த பறவை என்றே தோன்றும். பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலம் முழுக்க வெள்ளைத் தலையோடு, காதோரம் ஒரு கறையோடு திரிந்துவிட்டு, போகும் நேரத்தில்தான் பெயருக்கேற்ற பழுப்புக் குல்லாயைப் போட்டுக்கொள்கிறது. முழு அலங்காரம் முடிந்த பறவையைவிட இந்த அரைகுறைக் கோலம்தான் எனக்குப் பிடிக்கும். ஒரே கூட்டத்தில் சாம்பல், துரு, செங்கல் என்று எல்லாப் படியும் பக்கத்தில் பக்கத்தில் மேயும்.

நம் ஊர்ச் சேற்றில் அந்த நிறத்துக்கு ஒரு வேலையும் இல்லை. தூந்திரத்தில் பனி உருகிக் கிடைக்கும் கோடை மிகக் குறுகியது. போய் இறங்கியதும் துணை தேட வேண்டும், முட்டையிட வேண்டும், குஞ்சு பறக்க வேண்டும். அங்கே போய்ச் சட்டை மாற்ற நேரமில்லாததால் இங்கேயே மாற்றிக்கொண்டு கிளம்புகின்றன. கோடியக்கரையில் பகல் சில நிமிஷங்கள் நீண்டதை நாம் உணர்வதில்லை; அவற்றின் உடம்பு உணர்ந்துவிடுகிறது.

நிறத்தைவிட நுட்பமானது வயிறு. பக்கவாட்டில் நிற்கும் பறவையின் காலுக்கும் வாலுக்கும் இடையிலுள்ள வளைவைப் பாருங்கள். தையில் அது உள்ளொடுங்கி இருக்கும். பங்குனிக் கடைசியில் கீழே தொங்கும், நடையில் ஒரு வாத்துத்தனம் வந்துவிடும். ஆராய்ச்சியாளர்களே பறவையைப் பிடிக்காமல் இந்த வளைவை வைத்துக் கொழுப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நெடுந்தூரம் போகும் சில இனங்கள் புறப்படுமுன் தம் எடையைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கிக்கொள்கின்றன. கொழுப்புதான் எரிபொருள். கிளம்பும் நாள் நெருங்கும்போது பறக்கும் தசையும் இதயமும் பெருக்க, இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் பயன்படாத பாத்திரத்தை யார் சுமப்பார்?

இதனால்தான் வரப்பில் இறங்கிக் கிட்டே போகாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். ஒருமுறை கிளப்பிவிட்டால் பத்து நிமிஷம் வட்டமடித்துவிட்டு இறங்கும். அந்தப் பத்து நிமிஷக் கொழுப்பை அது மறுபடி சேற்றில் குத்தித்தான் ஈடுகட்ட வேண்டும். முதலில் கத்துவது பெரும்பாலும் பவளக்காலியாக இருக்கும். அதன் குரல் கேட்டால் இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்துவிடுங்கள்.

அன்றைய மாலைக்கு வருகிறேன். நாலரை மணி வாக்கில் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. ஊருக்குள் தென்றல், கடலோரத்தில் சோளகம். வடக்கே போகிறவர்களுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று அது. உள்ளான் கூட்டம் ஒன்று மேய்வதை நிறுத்தியிருந்தது. சில குளித்தன, சில இறகு கோதின. பிறகு எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நின்றன. இதுதான் அடையாளம், வயிறு நிரம்ப மேயும் நேரத்தில் மேயாமல் நின்றால் இடத்தைவிட்டு அசையாதீர்கள். ஒன்று மெல்லக் குரல் கொடுத்தது, இன்னொன்று பதில் சொன்னது. பேச்சு கூடிக்கொண்டே போய் நாற்பது ஐம்பது பறவைகள் சட்டென்று எழுந்தன. பயந்து எழும் கூட்டம் தாழ்வாகச் சுழன்று அங்கேயே இறங்கும். இவை இறங்கவில்லை. வட்டம் வட்டமாக ஏறின. ஓரளவு உயரம் போனதும் வட்டம் கலைந்து ஒரு கோடானது, கோடு வடக்கே சாய்ந்தது. பைனாகுலருக்குள் புள்ளிகளாகும்வரை அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லா நாளும் இது வாய்க்காது. அதற்குப் பின் போன மூன்று மாலைகள் எனக்கு வெறும் கொசுக்கடியோடு முடிந்தன. ஒரு சனிக்கிழமை போய்விட்டுக் குறைசொல்வதைவிட, வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கு வாராவாரம் போவது மேல். ஒரே கரை, ஒரே மரத்தடி. எத்தனை, என்ன நிறம், என்ன வயிறு என்று மூன்று வரி எழுதுங்கள். ஒரு வாரம் திடீரென்று எண்ணிக்கை பாதியாகியிருக்கும். நீங்கள் புறப்பாட்டைத் தவறவிட்டிருப்பீர்கள்; ஆனால் எப்போது நடந்தது என்று தெரிந்திருக்கும், அடுத்த வருஷம் அந்த வாரம் முழுக்க அங்கேயே கிடப்பீர்கள்.

அன்று கோடு வடக்கே சாய்ந்த கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஏழெட்டு பிரிந்து திரும்பி வந்தன. கிளம்பியவை எல்லாம் போய்ச் சேர்வதில்லை. மனசு மாறியோ வயிறு போதாமலோ சில திரும்பிவிடும். இறங்கிய இடத்தில் ஏற்கெனவே சில மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு செம்பொட்டுகூட இல்லை, தை மாதச் சாம்பல் அப்படியே இருந்தது. போன கோடையில் பிறந்த குஞ்சுகள். முதல் வருஷம் இவற்றில் பல ஊர் திரும்புவதில்லை, அக்னி நட்சத்திரத்தையும் இங்கேயே கழிக்கும். மற்றவை கிளம்பியபோது தலையைக்கூடத் தூக்காமல் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. திரும்பி வந்தவையும் இறகை ஒருமுறை உதறிக்கொண்டு அவற்றோடு சேர்ந்துகொண்டன.