குறியீடு யாருடைய சொத்து?

நாவல்களைப் பற்றிய கருத்தரங்கக் கட்டுரைகளைப் புரட்டினால் ஒரே வகைச் சமன்பாடுகள் திரும்பத் திரும்ப வரும். மழை என்றால் ஏக்கம். மரம் என்றால் மரபு. கார் என்றால் ஆணின் அதிகாரம். தண்ணீர் என்றால் வாழ்வு. இவற்றைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கதாபாத்திரத்தின் பெயரையே சொல்லாமல் ஒரு குறியீட்டுக்குப் பொருள் சொல்லிவிட முடிகிறது என்றால், அந்தப் பொருள் அந்த ஆளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. தண்ணீர் யாருக்குத்தான் வாழ்வு இல்லை?

பாத்திரத்தின் குணத்தைக் குறியீடு காட்டும் விதம் வேறு. ஒரு பொருளோ விலங்கோ செயலோ பாத்திரத்தின் கைக்குப் போகிறது. அவர் அதை என்ன செய்கிறார், எந்த இடத்தில் கவனமாக இருக்கிறார், எந்த இடத்தில் அசட்டையாக விடுகிறார் என்பதில் ஆள் வெளிப்படுகிறார். இதற்கு உலக நாவலில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் ஒரு குதிரைப் பந்தயம். இந்த உத்தியின் பலவீனமும் அதே நாவலில்தான் இருக்கிறது.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ 1875 முதல் 1877 வரை ரஷ்ய இதழொன்றில் தொடராக வந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் ராணுவ அதிகாரிகளின் தடைதாண்டும் பந்தயம். அன்னாவின் காதலன் விரான்ஸ்கி ஃப்ரூ-ஃப்ரூ என்ற பெண்குதிரையில் ஓடுகிறான். ஆங்கிலேயப் பயிற்சியாளர் அவனுக்குச் சொல்லி அனுப்புவது இவ்வளவுதான்: தடை வரும்போது இழுத்துப் பிடிக்காதீர்கள், விரட்டவும் வேண்டாம், அதன் போக்கில் விடுங்கள். கடினமான தடைகளையெல்லாம் குதிரை அழகாகத் தாண்டுகிறது. எல்லாரையும் முந்தியாயிற்று. மிச்சம் ஒரு சின்ன நீர்ப்பள்ளம். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. குதிரை தாண்டும் நொடியில் அதன் அசைவோடு ஒத்துப்போகாமல் சேணத்தில் பின்னால் அமர்ந்துவிடுகிறான். குதிரையின் முதுகெலும்பு முறிகிறது. விழுந்து கிடக்கும் அதன் வயிற்றில் அவன் பூட்ஸ் காலால் உதைக்கிறான். பிறகு அதைச் சுட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்குப் பந்தயத்தில் ஓடியவர்களில் பாதிக்கு மேல் விழுந்தவர்கள்தான். மற்றவர்கள் விழுந்தது விபத்து. விரான்ஸ்கி விழுந்தது அவனுடைய குணம். அவன் கொடியவன் அல்ல, சோம்பேறியும் அல்ல. அந்தக் குதிரையை உண்மையாகவே நேசித்தவன். பெரிய தடைகளுக்கு அவனிடம் துணிச்சலும் திறமையும் இருக்கின்றன. எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று தோன்றியபின் வரும் சிறிய தடைக்குத்தான் அவனிடம் எதுவும் இல்லை. அன்னாவோடு அவன் வாழப்போகும் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் நடக்கும். அவளுக்காகப் பதவி உயர்வை விட்டுக்கொடுப்பான். ஒரு சாயங்காலம் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க மாட்டான்.

அந்த ஒரே குதிரை இன்னும் இரண்டு பேரையும் காட்டிக்கொடுக்கிறது. பார்வையாளர் மேடையில் இருக்கும் அன்னாவின் கணவர் கரீனின் குதிரையைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். அவள் உடைந்து அழும்போது ஊரார் பார்க்காதபடி முன்னால் நின்று மறைக்கிறார். புறப்படலாம் என்று திரும்பத் திரும்பக் கையை நீட்டுகிறார். மானத்தைக் காப்பதுதான் அந்த மனிதருக்குத் தெரிந்த அன்பு. அதை நாவலாசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. அன்னாவோ மறைக்கத் தெரியாதவள். வீடு திரும்பும் வண்டியிலேயே எல்லாவற்றையும் கணவனிடம் சொல்லிவிடுகிறாள்.

இந்த இடத்தில்தான் விமரிசகர்களின் சமன்பாடு குறுக்கே வருகிறது: ஃப்ரூ-ஃப்ரூதான் அன்னா, குதிரையைக் கொன்றவன் பெண்ணையும் கொல்வான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் அன்னா சவாரிக்கு உள்ளாகும் விலங்காகிவிடுகிறாள். நாவலில் இருக்கும் அன்னா அப்படிப்பட்டவள் அல்ல. மகனுடைய பிறந்தநாளன்று கணவன் வீட்டுக்குள் யாரையும் கேட்காமல் நுழைகிறவள். விரான்ஸ்கி தடுத்தும் கேளாமல், ஊரே தூற்றும் என்று தெரிந்தே நாடக அரங்குக்குப் போகிறவள். அவளுடைய அழிவில் அவளுடைய முடிவுகளுக்கும் பங்கு உண்டு. சமன்பாடு விரான்ஸ்கி மேல் வெளிச்சம் போடும் அதே நேரத்தில் அன்னாவை இருட்டில் தள்ளுகிறது.

டால்ஸ்டாயே இந்த ஒப்புமைக்கு இடம் கொடுத்தார் என்று சொல்லலாம். அன்னா அவனுக்கு இணங்கியபின் வரும் காட்சியில் விரான்ஸ்கி முகம் வெளுத்து, கீழ்த்தாடை நடுங்க நிற்கிறான். குதிரை விழுந்து கிடக்கும்போதும் அதே வெளுப்பு, அதே தாடை நடுக்கம். ஆனால் திரும்ப வருவது எது என்று பாருங்கள். பெண்ணும் குதிரையும் அல்ல, விரான்ஸ்கியின் தாடை. தன் கையால் நேர்ந்ததைப் பார்த்து நடுங்குகிற, ஆனால் நேரும்வரை உணராத ஒருவனைத்தான் அந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்து வரைகின்றன.

அதே நாவலில் இன்னொரு குறியீடும் ஓடுகிறது. தாடி வைத்த ஒரு குடியானவன் குனிந்து இரும்போடு ஏதோ செய்துகொண்டிருப்பதாக அன்னாவுக்குக் கனவு வருகிறது. விரான்ஸ்கிக்கும் கிட்டத்தட்ட அதே கனவு. அவள் சாகும் வேளையிலும் அந்தக் குடியானவன் வருகிறான். படிக்கும்போது முதுகு சில்லிடும், மறுக்கவில்லை. ஆனால் இருவர் கனவிலும் ஒரே ஆள் வருவதால் அந்த இருவரைப் பற்றி நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? ஒன்றுமில்லை. அவர்களுக்கு என்ன நேரப்போகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்கிறோம். குணத்தைக் காட்ட வந்த குறியீடு விதியைச் சொல்லும் குறியீடாக நழுவிவிடுகிறது. விதியைச் சொல்லத் தொடங்கியதும் பாத்திரம் பொம்மையாகிறது. கயிறு ஆசிரியர் கையில். தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் தொழிலாளி ஒருவன் அடிபட்டுச் சாவதையும் இதே வகையில் சேர்ப்பார்கள். நான் சேர்க்கமாட்டேன். அதை அபசகுனம் என்று சொல்வது அன்னா, ஆசிரியர் அல்ல. அவள் சகுனம் பார்க்கிறவள் என்பது அங்கே தெரிகிறது. விதவைக்கு ஏதாவது செய்யக்கூடாதா என்று அவள் கேட்டதும் விரான்ஸ்கி 200 ரூபிள் கொடுத்துவிட்டு வருவதில் அவனும் தெரிகிறான்.

தமிழில் இந்த விஷயத்தைச் சோதித்துப் பார்க்க ஜெயகாந்தனைவிட வசதியானவர் இல்லை. ஒரே நிகழ்ச்சியை அவர் குறியீட்டோடு ஒரு முறையும், அது இல்லாமல் ஒரு முறையும் எழுதியிருக்கிறார். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டுகிறாள். கொட்டியது தண்ணீரல்ல, நெருப்பு என்று வைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்பதுபோல் சொல்கிறாள். காவியத்தின் தீக்குளிப்பை வீட்டுத் தண்ணீராக்கிக்கொள்ளும் துணிச்சல் அது. மரபு வைத்திருக்கும் ஆயுதத்தையே எடுத்து மரபின் கண்ணில் மண்ணைத் தூவுகிறாள். படிப்போ கொள்கையோ இல்லாத ஒரு பெண்ணின் புத்திக் கூர்மையும் கோபத்துக்குள் இருக்கும் பரிவும் ஒரே செயலில் வந்துவிடுகின்றன. இந்தக் குறியீடு ஆசிரியருடையதாகத் தெரியவில்லை, தாயுடையது.

ஆனால் அதன் விலையைக் கொடுப்பவள் மகள். சிறுகதையில் அவள் தண்ணீர் ஊற்றப்படுகிறவள், அவ்வளவே. அவளுடைய மனம் என்ன, ஆசை என்ன, கோபம் யார் மேல் என்று கேட்க இடமில்லை. சுத்தம் செய்யும் குறியீடு கேள்விகளையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது. பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் (1972-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது இதுதான்) அந்தத் தண்ணீரை ஜெயகாந்தன் எடுத்துவிடுகிறார். தாய் அலறுகிறாள், அக்கம்பக்கம் கூடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். குறியீடு போன இடத்தில் கங்கா என்ற ஆள் வருகிறாள்: படித்து உத்தியோகத்துக்குப் போகிறாள், ஆதரவு கொடுக்கிற மாமாவின் கையையே தடுக்க வேண்டியிருக்கிறது, கடைசியில் பழைய காரின் சொந்தக்காரனைத் தேடிப் போகிறாள். அந்த ஊமைப் பெண் இத்தனை சிக்கலானவள் என்பது தண்ணீர் விலகியபின்தான் தெரிகிறது. குறியீட்டை நீக்குவதும் பாத்திரப் படைப்பின் ஒரு வழிதான் என்று காட்ட இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

கல்கியின் நந்தினியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆதித்த கரிகாலன் கொன்ற பாண்டிய மன்னன் வீரபாண்டியனின், மீன் சின்னம் பொறித்த வாளை அவள் பத்திரமாக வைத்துப் போற்றுகிறாள். 1950-ல் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்குமேல் வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு இப்படியொரு அடையாளம் அவசியம்தான். போன வாரம் விட்ட இடத்தை வாசகர் மறந்திருப்பார். வாளைக் கண்டால் பழி நினைவுக்கு வரும். ஆனால் அடையாளமாகிவிட்ட குறியீடு புதிதாக எதையும் சொல்வதில்லை. கடம்பூரில் ஆதித்த கரிகாலன் சாகும் காட்சியில், அந்த வாளை வைத்திருந்தவளின் கை கடைசியில் என்ன செய்தது என்பதுதான் அவளைப் பற்றிய மிகப் பெரிய கேள்வி. கல்கி அங்கே இருட்டைச் சூழவிட்டுவிடுகிறார். மர்மத்துக்கு அது லாபம், நந்தினிக்கு நஷ்டம்.

குறியீடு மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்கள், நினைத்ததை நேரே சொல்லாமல் இயற்கைக் காட்சியில் வைத்துச் சொல்லும் உள்ளுறை உவமத்துக்குத் தொல்காப்பியம் விதிக்கும் கட்டுப்பாடுகளைப் பார்க்க வேண்டும். உள்ளுறைக்கு அடிப்படையாகக் கருப்பொருள்களை எடுக்கலாம், ஆனால் தெய்வத்தை விலக்கிவிட வேண்டும் என்கிறது அகத்திணையியல். உவமவியல் இன்னும் நுட்பமானது. தலைவி சொல்லும் உள்ளுறை அவள் அறிந்த பொருள்களுக்குள் அமைய வேண்டும். தோழி சொன்னால் அந்த நிலத்தைத் தாண்டக்கூடாது. எருமை தாமரைக் குளத்தைக் கலக்குவதைச் சொல்லித் தலைவனின் பரத்தைமையைக் குத்திக்காட்டுகிறவள், அந்தக் குளத்தங்கரையிலேயே வாழ்கிறவளாக இருக்க வேண்டும். அந்த விதிகளுக்கு உரையாசிரியர்கள் வேறு காரணங்கள் சொல்லலாம். நாவல் வாசகனாகிய எனக்கு அவை படுவது இப்படி: விதியைச் சொல்லும் சக்திகளை வெளியே நிறுத்து, குறியீட்டைப் பேசுகிறவரின் அனுபவத்துக்குள் வை. டால்ஸ்டாயின் குதிரை இந்தச் சோதனையில் தேறும். கனவுக் குடியானவன் தேறமாட்டான்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) முழு மதிப்பெண்ணோடு தேறும். சென்னையில் குடிநீர்ப் பஞ்சம். தெருவெல்லாம் தோண்டிக் கிடக்கிறது. குடங்களோடு பெண்கள் அடிபம்பைத் தேடி அலைகிறார்கள். அந்த நாவலில் யாருக்குமே தண்ணீர் குறியீடு அல்ல. அது வேண்டும், கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஒவ்வொருவரும் அதில் அளக்கப்படுகிறார்கள். டீச்சரம்மாவைப் பாருங்கள். நோயாளிக் கணவர், வார்த்தையால் குத்தும் மாமியார், பள்ளிக்கூட வேலை, அதற்குமேல் தண்ணீர். நாவலின் மையப் பாத்திரமான ஜமுனாவிடம் அவள் ஆறுதல் சொல்வதில்லை. தன் வாழ்க்கை இப்படி இருக்கிறது என்று எடுத்துவைக்கிறாள். அந்தக் கறாரான தொனியும் அவள் குடம் தூக்கும் விதமும் ஒரே மனுஷியுடையவை. சினிமா வாய்ப்பென்று பாஸ்கர் ராவை நம்பி ஏமாந்த ஜமுனா மெல்ல மாறுவதையும் ஆசிரியர் அறிவிப்பதில்லை. அவள் தன் குடத்தோடு நிற்காமல் தெருவின் தண்ணீர்க் கவலைக்குள் இறங்குகிறாள் என்பதை வைத்து நாமே தெரிந்துகொள்கிறோம்.

ஜமுனா நதியின் பெயர், ஆகவே அவள் வற்றிய நதி என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘மோகமுள்’ நாவலிலும் யமுனா, ஜெயகாந்தனிடத்தில் கங்கா. அந்தக் காலத்து வீடுகளில் இந்தப் பெயர்கள் சாதாரணம். பெயரிலிருந்து குணத்தைக் கறப்பது சோதிடர் வேலை.

‘தண்ணீ’ரிலும் குறை இல்லாமல் இல்லை. குடம் தூக்காதவர்கள் மங்கிப்போகிறார்கள். பாஸ்கர் ராவ் கடைசிவரை தட்டையான ஆள்தான். ஜமுனாவின் தங்கை சாயா அலுவலகத்துக்கும் விடுதிக்கும் போனபின் அவளுடைய உருவமும் தேய்கிறது. ஒரே பொருளைக் கொண்டு எல்லாரையும் அளக்க முடிவு செய்தால், அந்தப் பொருளைத் தொடாதவரை அளக்க வழியில்லாமல் போகும். இந்த உத்தியின் இயல்பான எல்லை அது. டால்ஸ்டாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. குதிரையை ஒரு பகல் பொழுதோடு முடித்துவிட்டு அடுத்த ஆளுக்கு அடுத்த பொருளைத் தேடிக்கொண்டார்.

என் கணக்கில் ஃப்ரூ-ஃப்ரூவும் தாயின் தண்ணீரும் டீச்சரம்மாவின் குடமும் ஒரு வரிசையில் நிற்பவை. நந்தினியின் வாள் அதற்கு ஒரு படி கீழே. ‘அன்னா கரீனினா’விலிருந்து கனவுக் குடியானவனை எடுத்துவிட்டால் நாவலின் அச்சம் கொஞ்சம் குறையும்; அன்னாவோ விரான்ஸ்கியோ ஒரு துளியும் குறையமாட்டார்கள்.